மலையில் மட்டும் கத்தும் வண்டி

"மூணாவது தடவடா, நஜீர்" என்றார் சந்திரமௌலி. வண்டியை நிறுத்தினாரே தவிர இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கரும்பு டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்த நஜீர் அகமதுக்கு எழுந்து வர மனசில்லை. செய்த வேலை ஒருமுறை திரும்பி வந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. தூக்கமும் போய்விடும். ஒரே வேலைக்கு ஒரு வண்டி மூணாவது முறை வந்தது என்பது இருபத்தாறு வருஷத் தொழிலில் அவருக்கு இதுதான் முதல்.

"காதுல விழுந்துதா? மூணாவது தடவ."

"காதெல்லாம் நல்லாத்தான் கீது. அரக்கோணம் வரைக்கும் கேக்கற மாதிரி கத்தாத. ஏற்கனவே உன் வண்டி கத்தறது போதும்."

அரக்கோணம் சாலையில், புளியமரத்துக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் நஜீரின் தகரக் கொட்டகை. வைகாசி பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. டி.வி.யில் வெயில் கணக்கு வாசிக்கும்போது திருத்தணி பேர் வராத நாளே கிடையாது. தகரத்துக்குக் கீழே வேலை செய்கிறவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் எதற்கு? வெளியில் கிடந்த ஸ்பேனரை எடுத்தாலே தெரிந்துவிடும். நஜீர் கைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு டிராக்டருக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார்.

வேனின் பின் சீட்டில் மௌலியின் மனைவி சாரதாம்பாள், மடியில் எவர்சில்வர் அடுக்கோடு உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, இவர் நேரத்துக்குச் சாப்பிடணும். நீங்க பேசிண்டே இருந்தேள்னா இவர் சாப்பிடமாட்டார். அதான் நானும் கூடவே வந்துட்டேன்" என்றாள்.

"நல்லதா போச்சும்மா. எனக்கும் சேர்த்து எட்தாந்தியா?"

"தயிர்சாதமும் மாவடுவும். நீங்க கேக்காட்டாலும் குடுப்பேன்."

மௌலியும் நஜீரும் போர்டு ஸ்கூலில் ஒரே பெஞ்சு. மௌலி வீட்டார் தலைமுறை தலைமுறையாக மலைக்கோயில் மடைப்பள்ளியில் நின்றவர்கள். அவருடைய அப்பாவும் அப்பாவின் அப்பாவும் சர்க்கரைப் பொங்கல் கிளறிக் கிளறித் தோள் இறங்கிப்போனவர்கள். மௌலிக்கும் அந்த முறை வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதைச் சித்தப்பா பிள்ளை ஷண்முகசுந்தரத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இந்த வெள்ளை வேனை வாங்கினார். ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் காத்திருந்து, படியேற முடியாத வயசானவர்களை மலைமேல் கொண்டுபோய் விடுவது, திரும்பக் கொண்டுவந்து விடுவது. குடும்பமே அதில்தான் ஓடியது.

வண்டி வாங்கின சமயத்தில் டிரைவிங் ஸ்கூலில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே சேர்ந்து கற்றுக்கொண்டார்கள். சாரதாம்பாள் முதல் தடவையிலேயே பாஸ். மௌலி மூன்றாவது தடவையில். அன்றைக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்தான், அப்புறம் அவள் கைக்கு அதை விடவே இல்லை. லைசென்ஸ் அரிசி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. இதைச் சொல்லி நஜீர் சீண்டாத நாள் கிடையாது.

வண்டியின் வியாதி தை மாசம் ஆரம்பித்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போட்டால் கர்ர்ர் என்று இரும்பை இரும்பு கடிக்கும் சத்தம். கேட்கிறவனுக்குப் பல் கூசும். கியர் பாக்ஸுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிற பல்லும், போய்ச் சேரவேண்டிய பல்லும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் சத்தமில்லாமல் கடிக்கும். அந்த வேகத்தைச் சமாதானம் பண்ணிவைக்கிறது ஒரு பித்தளை ரிங். கைவளையல் அளவுதான் இருக்கும். நஜீர் பாக்ஸை இறக்கிப் பிரித்துப் பார்த்தார். ரிங் தேய்ந்து வழவழவென்று கிடந்தது. புதுசு போட்டார், புது ஆயில் ஊற்றினார், ரோட்டில் ஓட்டிப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார்.

பங்குனியில் திரும்பி வந்தது. புது ரிங்கும் தேய்ந்திருந்தது. நஜீருக்கு வந்த கோபத்தில், போலி சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று சென்னைக் கடைக்காரனைப் போனில் கிழித்துத் தொங்கவிட்டார். கிளட்ச் கேபிளையும் மாற்றினார். அப்போதுதான் மௌலி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"ரோட்டுல கத்தலடா. மலையில ஏறறப்போதான் கத்தறது."

"ரோட்ல கத்தாம மலையில மட்டும் கத்துதுன்னா நான் இன்னாடா பண்றது? உங்க சாமிக்கு உன்மேல இன்னா கோவமோ! அவரையே போய்க் கேளு, போ."

பஞ்சர் கடைக்காரர் ராஜவேலு சிரித்தார். டீ வாங்க வந்தவன் சிரித்தான். மௌலி சிரிக்கவில்லை. நஜீர் அதைக் கவனிக்கவே இல்லை. அவருக்கு வாய் முந்தும், கண் பிந்தும். பெண்டாட்டி சர்வர் பேகம் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற புகார் அது.

இப்போது மூணாவது தடவை.

"போன வெள்ளிக்கிழம..." என்று ஆரம்பித்த மௌலி பாதியில் நிறுத்தினார். சாரதாம்பாள்தான் சொன்னாள். "பள்ளிப்பட்டுலேர்ந்து ஒரு வயசான தம்பதி, மாசா மாசம் கிருத்திகைக்கு வரவா. ரெண்டாவது வளைவுல கியர் விழவே இல்லியாம் அண்ணா. வண்டி பின்னால போக ஆரம்பிச்சுடுத்து. ஹாண்ட்பிரேக்க இழுத்து, சுவர் ஓரமா..."

"பத்தடி" என்றார் மௌலி. "பத்தடி பின்னால போச்சுடா. அந்தம்மா என்னை ஒரு வார்த்த சொல்லல. மெதுவா இறங்கி, அவர் கையப் பிடிச்சுண்டு நடக்க ஆரம்பிச்சுட்டா. அந்த வயசுல. நான் பாத்துண்டே நின்னேன்."

நஜீர் வேனின் பின்சக்கரத்தைப் பார்த்தார். ரிங் தேய்ந்தால் தன் பேர்தான் கெடும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டால் போவது உயிர். அடுத்த தடவை பத்தடியோடு நிற்கும் என்று யார் சொன்னது?

சாப்பிட்டதும் வேலையைத் தொடங்கினார். ஏற்றத்தில் இன்ஜின் பின்னால் சாய்ந்து கேபிளை இழுக்கிறதோ என்று ஒரு சந்தேகம். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டைகளைப் பார்த்தார். ஒன்றில் விரிசல் இருந்தது. 'மாட்டிகினியா' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இரண்டையும் மாற்றினார். கே.ஜி.கண்டிகை வரை ஓட்டிக்கொண்டு போனார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இரண்டாவது கியர் விழுந்தது. திரும்பி வரும்போது மௌலியை ஓட்டச் சொன்னார். அதற்கும் சத்தமில்லை.

வழக்கமாக இங்கேயே சாவியைக் கொடுத்திருப்பார். இரண்டு தடவையும் அப்படித்தான் கொடுத்தார். தான் ஓட்டிப் பார்த்து நன்றாக இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்பது அவர் கணக்கு. இன்றைக்கு அந்தப் பத்தடி அவரை விடவில்லை.

"வா, மலைக்குப் போலாம். நீ ஓட்டு, நான் பக்கத்துல குந்திகினு வரேன்."

சாரதாம்பாளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு மலையடிவாரத்துக்குப் போகும்போது மணி நாலு. வெயில் கொஞ்சமும் இறங்கவில்லை. தார் ரோடு பளபளத்தது. அடிவாரத்து டீக்கடைக்கு எதிரில் மௌலி வண்டியை ஓரம் கட்டினார். குனிந்து, காலிலிருந்த கறுப்பு எம்.சி.ஆர். செருப்பை ஒவ்வொன்றாகக் கையால் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினார். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிற செருப்பு அது. ஒரு அங்குலத்துக்கு மேல் தடிமன்.

"இன்னாடா பண்ற?"

"ஏன், உனக்குத் தெரியாதா? எங்காத்துல யாரும் மலையில செருப்புக் கால் வைக்கமாட்டோம். கோயில் மேலதான் இருக்குன்னு நெனைக்காதே. எங்களுக்கு இங்கேர்ந்தே சந்நிதி."

"வண்டியில போனா கூடவா?"

"வண்டியும் மலைமேலதானே போறது."

நஜீருக்கு இது சின்ன வயசிலேயே தெரியும். ஆனால் தெரிந்ததெல்லாம் சமயத்துக்கு ஞாபகத்துக்கு வந்துவிடுகிறதா?

வண்டி ஏறியது. முதல் வளைவைத் தாண்டி மௌலி இரண்டாவதுக்குப் போட்டார்.

கர்ர்ர்ர்.

நஜீரின் முதுகெலும்பில் இறங்கியது அந்தச் சத்தம். இடம் அகலமாக இருந்த ஓரத்தில் நிறுத்தச் சொன்னார். "ரிவர்ஸ் போடு."

கர்ர்ர்.

"திரும்பப் போடு."

கர்ர்ர்.

நஜீர் தாடியைச் சொறிந்தார். ரிவர்ஸுக்குப் பித்தளை ரிங்கே கிடையாது. நிற்கிற வண்டியில் ரிவர்ஸ் கத்துகிறது என்றால் ரிங்கைக் குற்றம் சொல்ல முடியாது. கிளட்ச் முழுசாக விடவில்லை, இன்ஜினின் சுற்று பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் இத்தனை நாள் ரிங் தானாகத் தேயவில்லை. தேய்க்கப்பட்டது.

"எறங்கு. நான் ஓட்டறேன்."

இறங்கிச் சுற்றி வந்தார்கள். நஜீர் அதே இடத்தில், அதே ஏற்றத்தில், முதல் கியர் போட்டார். இரண்டாவது போட்டார். நிறுத்தி ரிவர்ஸ் போட்டார். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. நாலு தடவை போட்டுப் பார்த்தார். நாலு தடவையும் சாது.

பக்கத்து சீட்டில் மௌலி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "பாத்தியா? உனக்குக் கத்தல. என்மேலதான் சாமி கத்தறார். நான் முறையை விட்டுட்டு ஓடிவந்தவன். என் கையால பொங்கல் வேண்டாம்னு நானா சொல்லிட்டேன்லியா, அதான். நீ சொன்னது சரிடா."

"நான் இன்னா சொன்னேன்?"

"அவரையே போய்க் கேளுன்னு சொன்னியே. கேட்டுண்டுதானே இருக்கேன். ஏழு செவ்வாயா படியேறிண்டிருக்கேன். முந்நூத்தி அறுபத்தஞ்சு படியும். உச்சிக்காலத்துக்கு."

"உச்சிக்காலத்துக்கா? இந்த வெயில்லயா?"

"ஆமா."

"வெறுங்கால்லயா?"

"பின்னே?"

நஜீர் மௌலியின் காலைப் பார்த்தார். எதற்கென்று அந்த நிமிஷத்தில் அவருக்கே சரியாகத் தெரியவில்லை. இன்ஜினை அணைத்தார். "இந்தப் பக்கம் வா. உன் சீட்ல குந்து. கிளட்ச அமுக்கு" என்றார். தான் கீழே இறங்கிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, போன் வெளிச்சத்தைப் பெடலுக்கு அடியில் காட்டினார்.

"அமுக்குடா."

"அமுக்கிட்டேன்."

"முழுசா அமுக்கு."

"முழுசாத்தான்டா அமுக்கிண்டிருக்கேன். இதுக்கு மேல எங்க அமுக்கறது?"

பெடலுக்கும் தரைக்கும் நடுவில் மூன்று விரல்கடை இடைவெளி இருந்தது. நஜீர் தன் கையால் பெடலை அழுத்திப் பார்த்தார். சுலபமாகத் தரைவரை போனது. மௌலி அழுத்தினார். அது திரும்ப மூன்று விரல்கடை மேலேயே நின்றது. அவர் முகத்தைப் பார்த்தார் நஜீர். பொய் இல்லை. அந்த முகத்துக்கு அது முழுசாகத்தான் இறங்கியிருந்தது. அடியில் ஒரு அங்குலச் செருப்பு இருக்கிறவரைக்கும் அந்தக் குறையைச் செருப்பு ஈடுகட்டியிருக்கிறது. அடிவாரத்தில் அதைக் கழற்றியதும் கால் பாதியில் நின்றுபோயிருக்கிறது.

"கால எட்து இப்படி வை."

"எதுக்கு?"

"வைடா!"

நஜீர் இடது பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். முன்பாதம் முழுக்கக் கொப்புளம் வந்து உடைந்து வெள்ளைத் தோல் தொங்கியது. சுண்டுவிரலுக்குக் கீழே, சதையில் ஆழமாக, ஒரு ஜல்லித் துண்டு புதைந்திருந்தது. சுற்றிலும் கறுத்திருந்தது. லேசாக வாடையும் வந்தது. நஜீர் அந்தக் கல்லை விரல்நுனியால் தொட்டார்.

"வலிக்குதா?"

"எங்க?" என்றார் மௌலி.

நஜீரின் அண்ணன் முஸ்தஃபாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. பீடி நெருப்பு பாதத்தில் விழுந்தது தெரியாமல் கதை பேசிக்கொண்டிருந்தான். ஆறே மாசம். முழங்காலுக்குக் கீழே கால் இல்லாமல் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தான். பெருநாள் தொழுகைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் நஜீர் நினைப்பார், அந்த வாடையை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கக்கூடாதா என்று.

"மௌலி, வண்டிக்கு ஒண்ணும் இல்லடா. உனக்குக் கால் மரத்துப்போயிருக்கு. எங்க இருக்குன்னே உனக்குத் தெரியல. அதான் கிளட்ச் முழுசா எறங்கல, அதான் கத்துது."

"என்னடா ஒளற்றே? எனக்குத் தெரியாம என் கால் எங்க போகும்?"

"கல்லு ஏறிக்கினு கீது, அது தெரியுதா உனக்கு?"

"நீ மெக்கானிக்கா, டாக்டரா? ரிப்பேர் பண்ணத் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. என் காலச் சொல்லாதே." மௌலியின் குரல் ஏறியது. மேலிருந்து இறங்கிவந்த ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். "சாவியக் குடு."

"தரமாட்டேன்."

"என் சோத்துல மண்ணப் போடாதேடா, நஜீர். இந்த வண்டிய விட்டா எனக்கு என்ன இருக்கு? மடைப்பள்ளியும் இல்ல. சாரதா மாவு அரைச்சு வித்தா ரெண்டு பேர் சாப்பிட முடியுமா?"

"போன வெள்ளிக்கிழம பத்தடி. அட்த்த வெள்ளிக்கிழம சுவரு தாங்கலன்னா? அந்தக் கெழவி உன்ன நம்பித்தான ஏறினா?"

மௌலி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நஜீர் சூடான தாரிலேயே உட்கார்ந்து, அந்தப் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார்.

"நான் வெளையாட்டுக்குச் சொன்னதுடா அது. கோவத்துல சொன்னேன். வேல திரும்பி வந்துச்சேன்னு கோவம். அல்லா சத்தியமா, நீ அத மனசுல வச்சிகினு படியேறுவன்னு எனக்குத் தெரியாது. உன் சாமி உன்மேல கோவப்பட்டாருன்னு நான் எப்டி சொல்லலாம்? நான் யாரு அதச் சொல்ல?"

செருப்பை எடுத்துப் போட்டுவிட அவர் கை சீட்டுக்கு அடியில் போனது. மௌலி அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தார். "இங்க வேண்டாம். கீழ போய்."

நஜீர் தன் கான்வாஸ் ஷூவைப் பார்த்தார். இத்தனை நேரம் மலைமேல் ஷூவோடுதான் நின்றுகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மௌலியைப் பக்கத்து சீட்டுக்கு மாற்றி, வண்டியை எடுத்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பாதத்தோடு போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். கால் ஆறுகிறவரை தரையில் ஊன்றக்கூடாது. ஆறின பிறகும் வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக்கூடாது. கிளட்ச் மிதிக்கிற வேலையை மறந்துவிட வேண்டியதுதான். "எத்தனை நாளா மரத்துப்போயிருக்கு?" என்று கேட்டதற்கு மௌலி சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "ஒரு வருஷமா செருப்பு கழண்டு விழறது தெரியறதில்ல டாக்டர். பழகின செருப்புதானே, லூஸாயிடுத்துன்னு நெனச்சுண்டேன்." சாரதாம்பாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாடை வருகிறதே என்று செருப்பை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினவள் அவள்.

நஜீர் மூணாவது தடவையாகக் கியர் பாக்ஸை இறக்கினார். இந்தத் தடவை கோபமில்லை, அவசரமுமில்லை. பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றினார். ஜாக்கியை முட்டுக்கொடுத்துப் பாக்ஸை நெஞ்சுமேல் வாங்குகிற மாதிரி இறக்கினார். ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டினார். துணியில் பித்தளைப் பொடி மஞ்சளாக மின்னியது.

அப்போதுதான் சாரதாம்பாள் வந்தாள். அடுக்கில் எலுமிச்சம்பழச் சாதம். பஞ்சர் கடை ராஜவேலு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அவள் உட்காரவில்லை. மேஜைமேல் வரிசையாக வைத்திருந்த சாமான்களைக் குனிந்து பார்த்தாள்.

"இதுல எதுண்ணா கத்தினது?"

நஜீர் தேய்ந்த ரிங்கையும் புது ரிங்கையும் அவள் உள்ளங்கையில் வைத்தார். புதுசில் உள்பக்கம் மெல்லிய கோடுகள் ஓடின. பழசு மழுமழுவென்று இருந்தது.

"இவ்ளோ சின்னதா இருக்கே! இதுவா இத்தனை பாடு படுத்தித்து?"

"அது படுத்தலம்மா. அதப் படுத்தினோம். பாதி கிளட்ச்ல போட்டுப் போட்டு அது இன்னா பண்ணும், தேஞ்சிபோச்சு. ரெண்டாவது கியரு பல்லும் மொனை மழுங்கிக்கினு கீது. அதையும் மாத்தறேன்."

"முழுசா அமுக்கினா தேயாதா?"

"வருஷக்கணக்கா தேயாது."

அவள் இடுப்பில் செருகியிருந்த சின்னப் பர்ஸைத் திறந்தாள். லைசென்ஸை எடுத்து, அந்த இரண்டு ரிங்குக்குப் பக்கத்தில் வைத்தாள். அரிசி வாசனை அதில் இன்னும் போகவில்லை.

"இன்னும் ரெண்டு வருஷம் செல்லும், அண்ணா. பாத்துட்டேன். நீங்க கத்துக்குடுப்பேளா?"

"மௌலிகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். ஒரு நாள் பூரா பேசல. மறுநாள் காத்தால, ரிவர்ஸ் எடுக்கறப்போ இடது பக்கக் கண்ணாடிய நம்பாதேன்னார்."

நஜீர் சிரித்துவிட்டார். சிரித்த கண்ணில் தண்ணீர் நின்றது. ஆயில் கையால் துடைக்கப்போய் முகமெல்லாம் கறுப்பானது.

ஆடி முழுக்க விடியற்காலைகளில் கே.ஜி.கண்டிகை ரோட்டில் வண்டி ஓடியது. சாரதாம்பாள் ஸ்டீயரிங்கில். பக்கத்தில் மௌலி, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு. பின்னால் நஜீர், காதைக் கியர் பாக்ஸ் பக்கம் கொடுத்துக்கொண்டு. முதல் நாள் வண்டி எட்டு தடவை நின்றது. மாட்டு வண்டிக்காரர்கூட முந்திக்கொண்டு போனார்.

"முழுசா அமுக்குடி! பாதியில விடாதே! பெடல் தரையத் தொடணும்! எத்தன தடவ சொல்றது?" மௌலி கத்திய கத்தலில் வயலில் கொக்குகள் பறந்தன.

பின்னால் நஜீர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "யாரு சொல்றது பாரு! கேளும்மா, நல்லா கேட்டுக்கோ."

"அமுக்கிட்டேன்னா" என்றாள் சாரதாம்பாள், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எனக்குக் கால்ல தெரியறது."

மௌலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிலக்கடலைக் கொல்லையில் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்டிகை டீக்கடை வந்ததும், "இப்போ போட்டது நன்னா இருந்தது" என்றார், அவளைப் பார்க்காமலேயே.

ஆவணி கிருத்திகை அன்றைக்குத்தான் வண்டி திரும்ப மலைக்குப் போனது. முந்தின இரண்டு நாளும் மழை. ரோடு குளிர்ந்து, மலை பச்சென்று கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஏறினவர்களில் அந்தப் பள்ளிப்பட்டுத் தம்பதியும் இருந்தார்கள். மாசா மாசம் வருகிறவர்கள்தான். கிழவி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு, மௌலியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் நைனா, இன்னும் சத்தம் போடுதா அது?"

"இல்லம்மா. சத்தம் போட்டவன் இனிமே ஓட்டலை. எங்காத்துக்காரி ஓட்டறா."

கிழவி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்த சாரதாம்பாளைப் பார்த்தாள். "ஆங். அப்பிடின்னா சரி" என்று ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அடிவாரத்தில் வண்டி நின்றது. சாரதாம்பாள் குனிந்து செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினாள். மௌலியின் கையும் பழக்கத்தில் கால் பக்கம் போனது. போன கை நடுவில் நின்றது. டாக்டரம்மா சொன்னது ஒரு பக்கம், மலை ஒரு பக்கம். செருப்பைப் போட்டுக்கொண்டு மேலே போக மனம் ஒப்பாது. கழற்றினால் இருக்கிற ஒன்பது விரலுக்கும் உத்தரவாதம் கிடையாது. நஜீர் பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மௌலி கதவைத் திறந்து இறங்கினார். "நீ போய்ட்டு வா. நான் இங்கயே இருக்கேன்" என்றார் மனைவியிடம். அப்புறம் கொஞ்சம் தாழ்ந்த குரலில், "நான் கேட்டேன்னு சொல்லு அவர்கிட்ட."

"அண்ணா, நீங்களும் இவரோட இருங்கோ" என்றாள் சாரதாம்பாள். நஜீர் இறங்கினார்.

வேன் ஏற ஆரம்பித்தது. இரண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மரங்கள் வண்டியை மறைத்துவிட்டன. சத்தம் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. மௌலி கண்ணை மூடிக்கொண்டார். முதல் வளைவு. இன்ஜின் இரைச்சல் ஏறி ஏறி, ஒரு நொடி அடங்கியது.

அந்த ஒரு நொடியில், பெஞ்சுக்குக் கீழே மௌலியின் இடதுகால் எம்.சி.ஆர். செருப்போடு எழும்பி மண்ணை அழுத்தியதை நஜீர் பார்த்தார்.

இரைச்சல் திரும்ப எழுந்தது, தாழ்ந்த குரலில், சீராக. வேறு எந்தச் சத்தமும் இல்லை.

"போட்டுட்டா" என்றார் மௌலி. "கத்தலடா." கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவே இல்லை. "என்மேல கோவமே இல்ல அவருக்கு."

"யாருக்கும் கோவம் இல்லடா. எனக்குத்தான் என்மேல கோவம். அந்த ஏழு செவ்வாக்கெழமக்கி."

மௌலி ஒரு கையை நீட்டி நஜீரின் தொடையில் தட்டினார். பள்ளிக்கூட பெஞ்சில் பென்சில் கேட்கும்போது தட்டுகிற அதே தட்டு. "டீ சொல்லுடா."

"சக்கர இல்லாமதான்."

"தெரியும், சொல்லு."

நஜீர் கடைக்காரரிடம் இரண்டு விரலைக் காட்டினார். மேலே, இரண்டாவது வளைவில், பத்தடி உருண்ட அதே இடத்தில், இன்ஜின் சத்தம் இன்னொரு தடவை அடங்கி, இன்னொரு தடவை எழுந்தது. நஜீர் குனிந்து பார்த்தார். மௌலியின் கால் இந்தத் தடவை அசையவில்லை.